அடைக்கலம் தந்த மலையூர்கள்

1966 ஜூன் மாதம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற ஜெனரல் பி. பி. குமாரமங்கலம், திருச்செங்கோட்டுச் சீமையின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1913-இல் பிறந்தவர். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் பி. சுப்பராயனின் மகன். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிகள் படைக்கு வரத் தொடங்கிய காலத்தின் தளபதி அவர். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் தரைப்படையின் தலைமைக்கு வந்தவர் யாஹ்யா கான். இந்த இருவரும் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் உலகப் போரின்போது, இத்தாலியின் அவெஸ்ஸானோ முகாமில் ஒரே முள்வேலிக்குள் போர்க்கைதிகளாக இருந்தவர்கள்.

குமாரமங்கலம் சிறைப்பட்டது லிபியப் பாலைவனத்தில். 1942 மே 27 காலை, பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே 171 என்ற எண்ணால் குறிக்கப்பட்ட மேட்டில் நின்றிருந்த மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடு மீது இத்தாலியரின் அரியெத்தே டாங்கிப் படை பாய்ந்தது. இரண்டாவது இந்தியப் பீரங்கி ரெஜிமென்ட் மிக நெருக்கத்திலிருந்து சுட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. குமாரமங்கலம் உட்பட அன்று பிடிபட்டவர்கள் கடல் கடந்து இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுபுறம், அந்த நேரத்தில் இந்தியாவில் பெங்களூர், போபால், இமயமலை அடிவாரத்து யோல் முதலிய முகாம்களில் அறுபதாயிரத்துக்கும் அதிகமான இத்தாலியக் கைதிகள் இருந்தார்கள்.

1943 செப்டம்பர் 8-ஆம் தேதி இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்த செய்தி வெளியானது. முகாம்களில் இருக்கும் கைதிகள் நேசப் படை வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது லண்டன் முன்பே அனுப்பியிருந்த உத்தரவு. அதற்குக் கட்டுப்பட்ட ஆயிரக்கணக்கானோரை ஜெர்மானியர் ரயிலேற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அந்த உத்தரவு பெரும்பிழை என்றே கருதுகிறேன். கிடைத்த வாய்ப்பில் வெளியேறியவர்களே அறிவாளிகள். குமாரமங்கலமும், சாஹிப்சாதா யாகூப் கானும், அபய் சிங்கும் ஒன்றாகத் தப்பினார்கள். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் இளவரசர், ஒரு ராஜபுத்திரர். யாகூப் கான் பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சரானார்.

தப்பி எங்கே போவது? நேசப் படை தெற்கே நின்றது. இடையில் அப்ருஸ்ஸோ மலைத்தொடர், அதன் குறுக்கே ஜெர்மானியர் அமைத்த அரண்வரிசை, அதற்கு மேல் பனிக்காலம். அந்த நவம்பரில் எட்டாவது இந்திய டிவிஷன் சங்ரோ ஆற்றைக் கடந்து போரிட்டுக்கொண்டிருந்தது. அவெஸ்ஸானோவிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் நம்மவர்களின் பாசறை இருந்தும், அந்தத் தொலைவை நடந்து கடக்க முடியாமல் மாதங்கள் கழிந்தன.

அந்த மாதங்களில் அவர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் மலைக் குடியானவர்களும் ஆட்டிடையர்களுமே. இவர்கள் வளமானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1915 நிலநடுக்கத்தில் அவெஸ்ஸானோவும் சுற்றுப்புறமும் மண்ணோடு மண்ணாகி ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் மாண்ட பூமி அது. கைதியைக் காட்டிக்கொடுத்தால் 1,800 லீரா பரிசு, வீட்டில் வைத்திருந்தால் மரண தண்டனை என்று ஜெர்மானியர் அறிவித்திருந்தார்கள். அந்தப் பணம் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தொகை இல்லை. அன்வெர்சா ஊரைச் சேர்ந்த மிக்கேலே டெல் கிரேக்கோ என்ற இடையர் தப்பியோடிய கைதிகளுக்கு உதவியதற்காக 1943 டிசம்பரில் சுல்மோனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவெஸ்ஸானோவுக்குப் பக்கத்துக் கப்பிஸ்த்ரெல்லோவில், ரோம் விடுதலை பெற்ற 1944 ஜூன் 4 அன்றே, மலைகளில் பிடிக்கப்பட்ட 33 பேரை ஜெர்மானியர் கொன்றார்கள். இத்தனைக்கும் நடுவில், அந்த மலைவாழ் மக்கள் மொழியும் நிறமும் வேறான அந்நியர்களுக்கு ரொட்டியும் வைக்கோல் படுக்கையும் தந்திருக்கிறார்கள். தப்பித்தல் என்றதும் ஓடியவரின் துணிச்சலைத்தான் எழுதுகிறோம். ஓடியவர் உயிரைப் பணயம் வைத்தார், உண்மை. கதவைத் திறந்தவரோ தன் மனைவி மக்களின் உயிரையும் சேர்த்து வைத்தார்.

குமாரமங்கலம் நேசப் படையை எட்டவில்லை. வழியில் காலில் அடிபட்டு மீண்டும் பிடிபட்டு, சைலீசியாவில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்னும் கடுங்காவல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். யாஹ்யா கான் தப்பிக் கரைசேர்ந்தார். பிரான்சிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. 1944 மே 11-இல் எபினால் நகரத்து முகாம் குண்டுவீச்சில் சிதைந்தபோது வெளியேறிய இந்தியக் கைதிகளில் சுமார் 500 பேர் பிரெஞ்சு கிராமத்தாரின் துணையோடு சுவிட்சர்லாந்தை அடைந்தார்கள். எண்ணிக்கையில் அது பெரிய வெற்றி. ஆனாலும் பிடிபட்டவரின் பயணத்தை அதனால் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அவருக்குச் சோறிட்டவர்கள் முடிவு தெரிந்து இடவில்லை.

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்கிறோம். கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறித்துக் காப்பது நம் மரபு. இத்தாலியில் இருந்து தப்பிய பிரிட்டிஷ் கைதிகள் சிலர் 1989-இல் மோந்தே சான் மார்த்தினோ என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைக் காத்த நாட்டின் இளைஞர்கள் இங்கிலாந்தில் ஆங்கிலம் கற்க உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தார்கள். இந்திய வீரர்கள் சார்பில் நாமும் ஏதேனும் செய்திருக்க வேண்டும்.

நம் ஊர்களிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். பரணில் பழைய படைப் புத்தகமோ கடிதமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தா சொன்ன வெளிநாட்டுக் கிராமத்தின் பெயர், அங்கே சாப்பாடு போட்ட அம்மாவின் பெயர், அரைகுறையாக நினைவிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அச்சிடுவோம்.