பேஸ் கிட்டாரும் கம்ப்ரசர் பெடலும்

கம்ப்ரசர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் உறுமும் இயந்திரம்தான். இங்கே சொல்லப்படுவது அது அன்று. ஓர் இசைக்கருவியிலிருந்து வரும் மின் சிக்னலில் உரத்த பகுதிகளைத் தானாகவே தணித்து, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் மின்னணுச் சுற்றுக்கு ஒலிப்பதிவுத் துறையில் கம்ப்ரசர் என்று பெயர். அதையே காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிக்குள் அடக்கியது கம்ப்ரசர் பெடல். இந்தப் பெடல்கள் முதலில் செய்யப்பட்டது சாதாரண மின் கிட்டாருக்காக. பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் அதை வாங்கிப் பயன்படுத்தி, குறை கண்டு, தங்களுக்கென்று தனிப் பெடல் பெறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

செயல்படும் விதம்

வானொலிப் பெட்டியின் அருகே ஒருவரை உட்காரவைத்து, "சத்தம் கூடினால் குமிழைக் குறை, அடங்கினால் பழைய இடத்துக்குத் திருப்பு" என்று சொன்னால் அவர் என்ன செய்வாரோ அதைத்தான் கம்ப்ரசரும் செய்கிறது. அவரிடம் நான்கு விவரங்களைச் சொல்லியாக வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் குறைப்பது என்பது த்ரெஷோல்டு. எந்த விகிதத்தில் குறைப்பது என்பது ரேஷியோ. எவ்வளவு விரைவாகக் கை வைப்பது என்பது அட்டாக். எவ்வளவு நேரத்தில் கையை எடுப்பது என்பது ரிலீஸ்.

ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்வோம். த்ரெஷோல்டுக்கு மேல் 12 டெசிபெல் எழும் ஒலி, கம்ப்ரசரைக் கடந்தபின் 3 டெசிபெல் மட்டுமே மேலே நிற்கும். 9 டெசிபெல் தணிந்துவிட்டது. பிறகு மொத்த ஒலியையும் சற்று உயர்த்தினால், தந்தியை மீட்டிய பின் மெல்லத் தேயும் கார்வை முன்னைவிட நீண்டு கேட்கும். கூடவே, பின்னணியில் இருந்த இரைச்சலும் உயரும் என்பதை விற்பனை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பெடலுக்கு முந்தைய காலம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் 1951ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மின் பேஸில் புதிய சிக்கல் ஒன்றும் இருந்தது. விரல் சற்று அழுத்தி மீட்டினால் ஒலி குதிக்கும்; மென்மையாகத் தொட்டால் மற்ற கருவிகளுக்கு அடியில் காணாமல் போகும். ஒரு தந்தி முழங்கும், அடுத்தது மங்கும்.

முதல் தலைமுறைக் கலைஞர்கள் இதைக் கையாலேயே சமாளித்தனர். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாலத்தின் மேல்மூடிக்குள் நுரைப்பஞ்சு, எளிதில் மாற்றாத பழைய தட்டைச்சுற்றுத் தந்திகள், வலக்கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். இவ்வளவுதான் அவருடைய சாதனம். பஞ்சு ஒலியின் வாலைச் சுருக்கியது. ஒரே விரல் மீட்டலை ஒரு சீராக வைத்தது. கம்ப்ரசர் வாலை நீட்டும், பஞ்சு வெட்டும். ஆக இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் தெளிவாக நிற்க வேண்டும் என்ற நோக்கம் இரண்டுக்கும் பொது.

கம்ப்ரசர் பிறந்தது வானொலி நிலையங்களில். பேச்சோ பாட்டோ திடீரென உரத்தால் ஒலிபரப்புக் கருவியின் வரம்பு மீறாதிருக்க, 1930களிலேயே லிமிட்டர் என்னும் கருவிகள் வந்துவிட்டன. லிமிட்டர் என்பது மிக உயர்ந்த ரேஷியோவில் இயங்கும் கம்ப்ரசரே. பின்னர் இவை பதிவுக்கூடங்களுக்குள் நுழைந்தன. 1960களில் வந்த எல்ஏ-2ஏ ஒளியைக் கொண்டு வேலை செய்தது: சிக்னல் கூடினால் உள்ளே ஒரு தகடு ஒளிரும், அந்த ஒளி பட்ட மின்தடை ஒலியைத் தணிக்கும். பில் புட்னம் 1967இல் வெளியிட்ட 1176 டிரான்சிஸ்டரால் இயங்கியது. அதன் வேகம் மைக்ரோவினாடிக் கணக்கு. இரண்டும் பேஸ் பதிவில் இன்றும் உரைகற்களாக மதிக்கப்படுகின்றன.

அந்நாளில் பேஸைக் கட்டுக்குள் வைக்க இன்னொரு காரணமும் இருந்தது. இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களுக்கு அகலமான பள்ளம் தேவை. அளவு மீறினால் ஊசி தாவும். லண்டனில் ஈஎம்ஐ நிறுவனத்தார் இந்த அச்சத்தால் பேஸைக் குறைத்தே வெட்டினர். அமெரிக்கத் தட்டுகளில் கேட்கும் பேஸ் தங்கள் தட்டுகளில் இல்லையே என்று பீட்டில்ஸ் குழுவினர் குறைப்பட்டனர். 1966 ஏப்ரலில் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலைப் பதிந்தபோது, பொறியாளர் ஜெஃப் எமெரிக் ஓர் ஒலிபெருக்கியையே மைக்காக மாற்றி, பால் மெக்கார்ட்னியின் பேஸ் ஒலிபெருக்கிக்கு எதிரே நிறுத்தினார். அக்கூடத்தில் பேஸுக்கு வழக்கமாகப் பயன்பட்டது ஆல்டெக் கம்ப்ரசரை ஈஎம்ஐ பொறியாளர்கள் திருத்தி அமைத்த ஆர்எஸ்124 என்ற கருவி. கனத்த பேஸும் வேண்டும், ஊசியும் தாவக்கூடாது என்ற இழுபறியில் கம்ப்ரசர் இன்றியமையாததாயிற்று.

1960களின் பிற்பகுதியில் தேவை மேலும் கூடியது. பளிச்சென்று ஒலிக்கும் உருட்டுச்சுற்றுத் தந்திகள் பரவின. லேரி கிரகாம் கட்டைவிரலால் தந்தியை அறைந்தும் மற்ற விரலால் சுண்டியும் வாசிக்கும் 'ஸ்லாப்' முறையைப் புகழ்பெறச் செய்தார். சுண்டிய சுரம் சாதாரண மீட்டலைவிடப் பல மடங்கு எகிறும். மேடையில் அதைத் தாங்காமல் ஒலிபெருக்கிகள் கிழிவதும் உண்டு.

கிட்டார் பெடல் பேஸிடம் வந்தபோது

1970களில் கம்ப்ரசர் காலடிக்கு இறங்கியது. டான் ஆம்ஸ்ட்ராங்கின் ஆரஞ்ச் ஸ்குவீசர், நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இயங்கிய எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் சிவப்பு நிற டைனா காம்ப், 1978இல் ஜப்பானிய பாஸ் நிறுவனத்தின் சிஎஸ்-1 ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றின் நோக்கம் கிட்டாரின் கார்வையை நீட்டுவது. சிஎஸ்-1இன் முழுப்பெயரிலேயே 'சஸ்டெயினர்' என்ற சொல் இருக்கிறது. டைனா காம்ப்பில் இரண்டே குமிழ்கள். அட்டாக், ரிலீஸ் இரண்டையும் தயாரிப்பாளரே முடிவு செய்துவிட்டார்.

பேஸ் கலைஞர்கள் இவற்றை மாட்டியபோது ஒலி சீரானது, ஆனால் உடல் மெலிந்தது. ஏன் என்று கேட்டால் பள்ளிக் கணக்கு ஒன்றே விடை தரும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஓர் அலைக்கு 12 மில்லிவினாடி. பேஸின் தாழ்ந்த தந்தி 41 முறை. ஓர் அலைக்கு 24 மில்லிவினாடி. ஐந்து தந்திப் பேஸில் அது 32 வரை போகும். கிட்டாருக்கு ஏற்ற வேகத்தில் கை வைத்துக் கை எடுக்கும் சுற்று, பேஸின் ஓர் அலை முடிவதற்குள்ளேயே அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துகிறது. சுரத்தின் உரப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய கருவி அலையின் வடிவத்தையே கசக்கிவிடுகிறது. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். போதாக்குறைக்கு, சிக்னலின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால், ஒரு தாழ்ந்த சுரம் வந்தாலே சுற்று மொத்த ஒலியையும் அமுக்கும். விரல் படும் தெளிவும் சேர்ந்தே அமுங்கும். பல கலைஞர்கள் பெடலைப் பழித்தனர். பழி பெடலுக்கு உரியதல்ல. அது வேறொரு கருவிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பேஸுக்கென்று வந்தவை

பாஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் எல்எம்-2பி என்ற பேஸ் லிமிட்டரையும், அடுத்து எல்எம்பி-3ஐயும் வெளியிட்டது. பின்னதில் த்ரெஷோல்டும் ரேஷியோவும் கலைஞரின் கைக்கு வந்தன. சுவீடனின் ஈபிஎஸ் நிறுவனத்தின் மல்ட்டிகாம்ப் இன்னொரு வழி கண்டது: தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்துத் தனித்தனியே அமுக்குவது. இதனால் தாழ்சுரம் ஒன்று முழங்கினாலும் மேலொலி மங்குவதில்லை. பழைய எம்எக்ஸ்ஆர் 1984இல் மூடப்பட்டு 1987இல் டன்லப் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே பெயரில் பின்னாளில் வந்த எம்87, 1176இன் வழியைப் பின்பற்றி ஐந்து குமிழ்களையும், எவ்வளவு அமுக்கப்படுகிறது என்று காட்டும் விளக்கு வரிசையையும் தந்தது. இந்த விளக்கு வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். கம்ப்ரசரின் வேலையைக் காதால் மட்டும் பிடிப்பது புதியவர்களுக்குக் கடினம். கண் துணை செய்தால் காது விரைவில் கற்கும்.

அமுக்கிய ஒலியோடு அமுக்காத ஒலியையும் வேண்டிய அளவு கலக்கும் 'பிளெண்டு' குமிழ் இப்போது பல பெடல்களில் உண்டு. பேஸின் உடல் மெலியும் பழைய குறைக்கு இதுவே எளிய மருந்து.

பயன்பாடும் கருத்து வேறுபாடும்

ரேஷியோவை 4:1இல் தொடங்கலாம். அட்டாக்கை மிக விரைவாக வைத்தால் விரல் தந்தியில் படும் முதல் ஓசை செத்துவிடும். 20 முதல் 50 மில்லிவினாடி விட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்லாப் வாசிப்புக்கு இதைக் குறைக்க வேண்டியிருக்கும். ரிலீஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால் சுரங்களுக்கு இடையே 250 மில்லிவினாடி. அதற்குள் கம்ப்ரசர் கையை எடுத்துவிட வேண்டும்; ஆனால் 24 மில்லிவினாடிக்கு அருகில் போனால் கரகரப்பு வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கம்ப்ரசர் கையின் குறையை மறைக்கிறது என்று ஒரு சாரார் சொல்கின்றனர். ஓரளவு உண்மைதான். சீராக மீட்டப் பழகாதவர் எந்நேரமும் பெடலை மிதித்தே வைத்திருந்தால், எங்கே அழுத்துகிறோம், எங்கே தளர்கிறோம் என்பது அவர் காதுக்கு எட்டவே எட்டாது. ஆகவே பயிற்சியின்போது பெடலை அணைத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. மேடையில் தேர்ந்த கலைஞர்களும் அதைப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒலிக்கலவைப் பொறியாளர்களின் மனக்குறை வேறு. மேடையிலேயே அளவுக்கு மீறி அமுக்கப்பட்டு வந்த பேஸை அவர்களால் மறுபடி விரிக்க முடியாது. எனவே பதிவுக்கூடங்களில் பெடலுக்கு முன்பே டிஐ பெட்டி ஒன்றைச் செருகி, பெடல் படாத சிக்னலைத் தனித்தடத்திலும், பெடல் வழியாக வந்ததை இன்னொரு தடத்திலும் பதியும் வழக்கம் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது கலவை நடக்கும் நாளில் முடிவாகும்.