ஒரு சிபிசி ரிப்போர்ட் எவ்வளவு தூரம் பேசும்?

தில்லை நகர்ல ஏதோ ஒரு லேப்ல எடுத்த சிபிசி ரிப்போர்ட் ஒண்ணு நம்ம வீட்டு ஃபைல்ல கண்டிப்பா இருக்கும். ரத்தத்துல எந்த அணு எத்தனைன்னு சொல்ற காகிதம் அது. ஸ்ட்ரோக் வந்த ஒருத்தர் எந்த அளவுக்குத் தேறுவார்னு அந்த எண்கள் சொல்லுமா? இன்னிக்கு எபிசோடு அந்தக் கேள்வியோட வரலாறு.

ரத்த அணுக்களை முதல்ல முறையா எண்ணினவர் ஜெர்மனியில ட்யூபிங்கன்ல இருந்த கார்ல் ஃபியரோர்ட். வருஷம் 1852. மைக்ரோஸ்கோப்ல பார்த்து ஒவ்வொண்ணா எண்ணணும். 1877ல லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ், சின்னக் கட்டங்கள் போட்ட கண்ணாடி மேல நீர்த்த ரத்தத்தை விட்டு எண்ணற கருவியைக் கொண்டுவந்தார். இந்த கவர்ஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும்னே இருந்த மருத்துவமனையில வேலை பார்த்தவர். அப்புறம் பால் எர்லிக் சாயம் ஏத்தி வெள்ளணுக்களை வகை பிரிச்சார். 1953ல அமெரிக்கர் வாலஸ் கோல்ட்டர் எண்ணற வேலையை மெஷினுக்கே குடுத்துட்டார். ஒரு நுண்ணிய துளை வழியா அணு போகும்போது மின்தடை ஒரு நொடி எகிறும், கவுன்ட்டர்ல ஒண்ணு கூடும். அவ்வளவுதான் லாஜிக்.

எண்ணிக்கை மலிவானதும், அதை வெச்சு கணிக்கற ஆசையும் வந்தது. 2001ல ஸ்லோவாக்கியா டாக்டர் ஸஹோரெக், ஐசியூ நோயாளிகளோட நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால வகுத்துப் பார்க்கச் சொன்னார். உடம்பு எவ்வளவு நெருக்கடியில இருக்குன்னு அந்த விகிதம் காட்டும்னார். பின்னாடி ஸ்ட்ரோக் ஆராய்ச்சியாளர்களும் அதை எடுத்துக்கிட்டாங்க. மூளையில அடிபட்ட சில மணி நேரத்துல நியூட்ரோஃபில் ஏறுது, லிம்ஃபோசைட் இறங்குது. முதலாவது மூளையோட ரத்தக்குழாய் சுவரைச் சேதப்படுத்தலாம். ரெண்டாவது குறைஞ்சா நிமோனியா மாதிரி தொற்று சுலபமா வரும். அதனால விகிதம் அதிகமா இருந்தவங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, சராசரியா மோசமாத்தான் தேறியிருந்தாங்க.

இந்தச் 'சராசரியா'ங்கற வார்த்தையை விட்டுடாதீங்க. எங்க ஸ்ரீரங்கம் பெரியம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்போ, நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 13னு ரிப்போர்ட் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. யாரோ வகுத்து 6னு போட்டாங்க, இன்னொருத்தர் கூகுள் பண்ணினார். குரூப்ல அதுக்கப்புறம் யாரும் பேசல. ஆனா அந்த 6க்குள்ள சளிக்காய்ச்சலும் இருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கலாம், ரத்தம் எடுத்த நேரமும் இருக்கலாம். நூறு பேரைப் பத்திச் சொல்ற எண், ஒருத்தரைப் பத்தி அவ்வளவு உறுதியாச் சொல்லாது.

இன்னொரு பாடமும் இருக்கு. வெள்ளணு மூளைக்குள்ள போறதுதான் பிரச்சனைன்னா, அதைத் தடுத்தா போதுமே? எதிர்பார்ப்போட 625 நோயாளிகள்கிட்ட என்லிமோமாப்ங்கற மருந்தைச் சோதிச்சாங்க. 2001ல முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்துக்கிட்டவங்கதான் அதிகமா இறந்திருந்தாங்க. அது எலியோட ஆன்டிபாடி. அதை நோயாளிகளோட உடம்பே எதிர்த்ததும் ஒரு காரணம்னு பின்னாடி விளக்கினாங்க. நம்ம பாஷையில சொன்னா, எரர் லாக்கைப் பார்த்துட்டு அதுல தெரியறதை மட்டும் அணைச்சா சர்வர் சரியாகாது.

சிபிசி தேவையில்லைன்னு அர்த்தம் இல்ல. தொற்று வருதான்னு டாக்டர் கவனிக்க அது உதவும். ஆனா முதல்ல ஓடவேண்டிய எண் வேற: நாலரை. அடைப்பால வர ஸ்ட்ரோக்குக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசியை, ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி பண்ணணும். வாய் கோணினா, ஒரு கை தூக்க முடியலேன்னா, பேச்சு குழறினா உடனே 108. ஸ்கேன் வசதி இருக்கற ஆஸ்பத்திரி காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்னா, பாலம் தாண்டற நேரமும் அந்தக் கணக்குல சேரும்.