நீரோர மரமேடையும் ஹரீம் எனும் மரபும்

இஸ்லாமியத் தோட்டக் கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கல்லையும் சுண்ணாம்பையும் குறித்தே எழுதியுள்ளனர். தேவைப்படும்போது நிறுவப்பட்டு, தேவை முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்ட மர அமைப்புகள் அவர்களின் பார்வைக்கு அதிகம் வரவில்லை. கல் நிலைத்தது, மரம் மறைந்தது. எனினும் நீர்நிலையின் ஓரத்தில் மனிதன் எவ்வாறு அமர வேண்டும் என்னும் கேள்விக்கு, மறைந்துபோன அம்மரபே தெளிவான விடையைத் தருகிறது.

முதலில் கல் மரபைக் காண்போம். காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃபை அடுத்துள்ள க்வாஜா ஸே யாரான் என்னும் ஊற்றைப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் விவரிக்கிறார். அவ்வூற்றைப் பத்துக்குப் பத்து என்னும் அளவில் கற்சுவரால் சூழவும், அதன் பக்கங்களில் ஒழுங்கான மேடைகள் அமைக்கவும் அவர் ஆணையிட்டார். பத்துக்குப் பத்து என்பது தற்செயலான அளவன்று. அந்த முழ அளவுள்ள நீர்த்தேக்கம் ஓடும் நீரின் சட்டத்தைப் பெறும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் வகுத்த நெறி. அம்மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களின் பள்ளிவாசல் ஹவ்ளுகளுக்கும் அடிப்படை இதுவே. ஆக, நீரைச் சூழ்ந்து கட்டுவதிலும் ஃபிக்ஹு உடனிருந்தது.

பாபரின் மைந்தர் ஹுமாயூன் வேறு வழி சென்றார். வரலாற்றாசிரியர் குவாந்தமீர் 1534ஆம் ஆண்டளவில் எழுதிய ‘கானூனே ஹுமாயூனி’ என்னும் நூல், அவர் மரத்தால் செய்வித்த புதுமைகளைப் பதிவு செய்துள்ளது. யமுனையில் நான்கு படகுகள். ஒவ்வொன்றின்மீதும் இரண்டடுக்கு மண்டபம். அவற்றை எதிரெதிரே இணைத்தபோது நடுவே எண்கோண வடிவில் ஒரு நீர்த்தடாகம் தோன்றியது. படகுகளைச் சங்கிலியால் பிணைத்து, மேலே பலகை பாவிய பாலமும் இருந்தது. மூன்றடுக்கு மர மாளிகை ஒன்றையும் அவர் குறிப்பிடுகிறார். தச்சர்கள் அதன் துண்டுகளை இணைத்த நேர்த்தியால், காண்போர் அதை ஒரே மரத்தில் கடைந்தது என எண்ணினர். ஆயினும் அதைப் பிரித்து எவ்விடத்திற்கும் கொண்டு செல்ல முடிந்தது. அதன் ஏணியும் விரிக்கவும் மடிக்கவும் தக்கதாக இருந்தது. யமுனையின் வெள்ளமும் வறட்சியும் அறிந்த நிலத்தில், நீர் ஏறும்போது விலகி, இறங்கும்போது நெருங்கிச் செல்லும் கட்டடமே பொருத்தமானது என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

இதற்கு இசைவான சிந்தனை ஒன்று சட்ட நூல்களிலும் உண்டு. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி நாம் அறிந்ததே. தரிசு நிலத்தில் கிணறு தோண்டியவனுக்கு அதைச் சூழ நாற்பது முழமும், ஊற்றைக் கண்டவனுக்கு ஐந்நூறு முழமும் ‘ஹரீம்’ ஆக உரியது என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் இடம்பெறும் மர்கீனானியின் (மறைவு 1197) ‘ஹிதாயா’ இதனை விரிவாக ஆராய்கிறது. அந்த எல்லைக்குள் பிறர் கிணறு தோண்டலாகாது; அந்நீரின் பயன் கெடலாகாது. இவ்விதி மேடைகளைப் பற்றியதன்று. ஆனால் நீரின் விளிம்பு என்பது வெற்றிடமன்று, அதுவும் நீரைச் சார்ந்ததே என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது.

பாலாற்றின் வடகரையில் அமைந்த காட்பாடிக்கு இக்கொள்கை அந்நியமானதன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும் கழிஞ்சூர் போன்ற ஏரிகள். விளிம்பு மாதந்தோறும் இடம் மாறும் இத்தகைய நீர்நிலையில் நிலையான கட்டடம் எழுப்புவோர், கோடையின் கரையைக் கண்டு மழைக்காலத்தின் இடத்தைக் கைப்பற்றுகின்றனர். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

தோட்டத்துச் சிறு குளத்திற்கும் இதுவே அளவுகோல். கரை மண்ணைத் தோண்டாமல், கெட்டித்த தரையில் நான்கு கருங்கற்களைச் சமமாக இட்டு, அவற்றின்மேல் இரு உத்திரங்களையும் குறுக்குச் சட்டங்களையும் வைத்துப் பலகை பாவினால் போதும். மரம் மண்ணைத் தொடாதவரை எளிதில் உளுக்காது. ஈரத்தில் மரம் அகலவாக்கில் விரியுமாதலால் பலகைகளுக்கிடையே சிறிது இடைவெளி வேண்டும். ஆணி அறையாமல் மரையாணியால் முடுக்கி, இருவர் தூக்கத்தக்க பகுதிகளாக அமைத்தால், ஐப்பசி மழைக்கு முன் பிரித்து உலர்ந்த இடத்தில் அடுக்கிவிடலாம். தேக்கின் வைரப் பகுதியும் முற்றிய பனையும் இதற்கு ஏற்றவை.

மரத்தைக் காக்கும் மருந்தில்தான் எச்சரிக்கை தேவை. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து மரத்தினுள் செலுத்தும் முறையை 1933இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் சோந்தி காமேசம் என்னும் இந்தியரே. உலகெங்கும் தோட்ட மேடைகள் அம்மரத்தால் எழுந்தன. ஆர்சனிக் கசிவு குறித்த அச்சத்தால், அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்காக அம்மரத்தைத் தயாரிப்பது 2003 இறுதியுடன் பெரிதும் நிறுத்தப்பட்டது. குரோமியம் என்னும் பெயர் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிட்ட தொழில், 1970களுக்குப் பின் பெருமளவில் குரோமிய முறைக்கு மாறியது. கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. கிணற்றின் ஹரீமைப் பேணிய சட்டமரபை உடைய மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் நிலத்தில் இவ்வழக்கு எழ நேர்ந்தது என்பது சிந்தனைக்குரியது.

ஆதலின் நீரருகே மேடை அமைப்போர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே: இதனை நாளை எடுத்துவிட்டால் கரை முன்போல் இருக்குமா? இதன் மரத்திலிருந்து நீருக்குள் இறங்குவது எது? இவ்விரண்டிற்கும் அச்சமின்றி விடை கூற முடியுமாயின், அம்மேடையில் அமர்வதற்கு நமக்கு உரிமை உண்டு.