ஒட்டு மரம் என்றால் மட்டமா? – ஒரு கடைசல் வரலாறு

"கடைந்தெடுத்த சோம்பேறி" என்று வீட்டில் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர்கள் நம்மில் குறைவுதான். இந்தக் "கடைந்தெடுத்த" எங்கிருந்து வந்தது? தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதில் இருந்து என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தமிழில் தயிரையும் கீரையையும் மட்டும் கடைவதில்லை, மரத்தையும் கடைவார்கள். மரத்தைச் சுழலவிட்டு உளியைக் காட்டி உருட்டி எடுக்கும் வேலைக்குக் கடைசல் என்று பெயர். ஐடிஐ-யில் நாம் டர்னர் என்று சொல்லும் பிரிவுக்குத் தமிழில் கடைசலர் என்றுதான் எழுதுகிறார்கள்.

இந்தக் கட்டுரை கடைசலில் ஒரு சிறு கிளையைப் பற்றியது. சின்னச் சின்ன மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதை லேத்தில் மாட்டிக் கிண்ணமாகக் கடைகிறார்களே, அந்த வேலை. வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கும் நம்மவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும். "ஒரே கட்டையில் செய்தால்தானே உசத்தி? ஒட்டுப் போட்டதெல்லாம் ஒரு பொருளா?" வரலாற்றில் தேடினால் இதற்கு நல்ல பதில் இருக்கிறது, அதுவும் நம் ஊர் மாட்டு வண்டியிலேயே!

மத்தும் லேத்தும் ஒரு தாய் மக்கள்

தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஏன் ஒரே சொல்? பழைய லேத் எப்படி இருந்தது என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில் லேத்தின் சிற்பம் ஒன்று இருக்கிறது. கி.மு. 300ஐ ஒட்டிய காலம். லேத்தைக் காட்டும் மிகப் பழைய உருவமாக அதைச் சொல்கிறார்கள். அதில் ஒருவர் கட்டையைச் சுற்றிய கயிற்றை இழுக்கிறார், இன்னொருவர் உளியைப் பிடித்திருக்கிறார். கயிறு ஒரு பக்கம் போனால் கட்டை முன்னால் சுழலும், மறுபக்கம் வந்தால் பின்னால் சுழலும். நம் பாட்டிமார் மத்தில் கயிறு சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தது இதே இயக்கம்தான். மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கி, தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடைந்த கதையை நினைத்துப் பாருங்கள். கடலை எடுத்துவிட்டு ஒரு கட்டையை வைத்தால் அது அப்படியே இரண்டு பேர் இழுக்கும் கயிற்று லேத்!

இந்தியாவில் கடைசல்காரர்கள் தரையில் உட்கார்ந்தே வேலை செய்தார்கள். உதவிக்கு ஒருவர் கயிறு இழுப்பார், அல்லது தானே ஒரு கையால் வில்லை இழுத்துக்கொண்டு, மறு கையாலும் கால்விரலாலும் உளியைப் பிடித்துக்கொள்வார். கட்டை முன்னோக்கிச் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். பின்னோக்கி வரும்போது உளியைச் சற்று விலக்க வேண்டும். அதாவது பாதி நேரம் சும்மா! கை வேலையில் பொறுமை என்றால் என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒரே கட்டை: அம்பாசமுத்திரம் சொப்பு

தமிழ்நாட்டில் மரக் கடைசல் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய ஊர் அம்பாசமுத்திரம். சிறுமிகள் கூட்டாஞ்சோறு விளையாடும் சொப்புச் சாமான்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடையப்படுகின்றன. குடம், உரல், அம்மி, திருகை, அடுப்பு என்று ஒரு சமையல்கட்டே சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பாரம்பரியமாக இதற்கு மஞ்சள் கடம்பு மரம். அது எளிதில் கிடைக்காமல் போனதால் பிற மரங்களும் வந்துவிட்டன. பொருள் லேத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே முறைதான். அங்கே பயன்படும் மரம் நமக்கும் தெரிந்த வெட்பாலை.

கவனியுங்கள், இவை எல்லாம் கையளவுப் பொருள்கள். ஒரே கட்டையில் கடைந்தால் போதும். பொருள் பெரிதாகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

மரம் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

மரம் காயும்போது சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில் அதிகம். அதிலும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையைவிட, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்தபின் முட்டை வடிவம் ஆகிவிடும். விரிசலும் விடலாம். பெரிய கிண்ணத்துக்குப் பெரிய மரம் வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். நூறு வருட மரத்தை வெட்டி, உள்ளே இருப்பதில் பெரும்பகுதியைச் சுருள் சுருளாகச் சீவிக் குப்பையில் போட வேண்டும்.

வண்டிக்காரத் தச்சர் கண்ட தீர்வு

இப்போது மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு வருவோம். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், வெளிவட்டமாக வட்டைகள். ஒரு வட்டை என்பது வளைவாக அறுத்த ஒரு மரத்துண்டு. 12 ஆரக்கால் உள்ள சக்கரத்தில் வட்டைக்கு இரண்டு வீதம் போனால் 6 வட்டைகள் சேர்ந்து ஒரு முழு வட்டம்.

ஏன் ஒரே பலகையில் வட்டமாக அறுக்கவில்லை? அறுத்தால், மரத்தின் நார் சில இடங்களில் வட்டத்தோடு போகும், சில இடங்களில் வட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். குறுக்கே நிற்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே பிளந்துவிடும். துண்டு துண்டாகச் செய்தால் ஒவ்வொரு வட்டையிலும் நார் ஏறக்குறைய வட்டத்தின் போக்கிலேயே அமையும். சின்ன மரமே போதும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இதில் பசை கிடையாது என்பதுதான் அழகு. சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக அடித்த இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரிந்ததும் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது எல்லா மூட்டுகளையும் ஒரே பிடியாக இறுக்கிவிடும்.

சக்கரம் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பது சங்க காலத்திலேயே தெரிந்திருக்கிறது. புறநானூற்று 87ஆம் பாடலில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முழுக்கச் செலவழித்துச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு! ஒரு மன்னனுக்கு ஒரு தச்சனின் வேலையை உவமையாகச் சொல்லும் அளவுக்கு அந்த வேலைக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

சக்கரத்திலிருந்து வார்ப்படத்துக்கு

கயிற்று லேத் போய், சக்கரமும் மிதியும் வந்து, பிறகு இரும்பு லேத் வந்தது. 1800 வாக்கில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே செய்த திருகு வெட்டும் லேத் இயந்திர யுகத்துக்கு அடித்தளம் போட்டது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. 1960களில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தது. புத்தூரிலும் உறையூரிலும் வளரும் பிள்ளைகளுக்கு லேத் என்றாலே இரும்பு என்று ஆனது இப்படித்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் பிரேக்கும் செய்து பொருத்தியது திருச்சி பெல் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். மரத் தேருக்கே இரும்புக் கால் கொடுத்த ஊர் நம்முடையது!

ஆனால் இரும்புக்கும் முதலில் மரம்தான் வேண்டும். ஒரு பல்சக்கரத்தையோ கப்பியையோ வார்க்க வேண்டுமென்றால், அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் அச்சு எடுக்க வேண்டும். அந்த மர வடிவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். அது காய்ந்து கோணினால் வார்ப்பும் கோணும். அதனால் பேட்டர்ன் செய்யும் தச்சர்கள் துண்டுகளை வளையமாக ஒட்டி, செங்கல் சுவர் கட்டுவதுபோல் மேல் வரிசை இணைப்பு கீழ் வரிசை இணைப்பின்மேல் வராதபடி அடுக்கி, லேத்தில் கடைந்தார்கள். இன்று பொழுதுபோக்காகக் கிண்ணம் செய்பவர்கள் பின்பற்றும் முறை இதுவேதான். அழகுக்காகக் கண்டுபிடித்தது அல்ல, கோணாமல் இருக்கக் கண்டுபிடித்தது.

கிண்ணத்தின் கணக்கு

ஒரு வளையத்துக்கு 12 துண்டு என்று வைத்துக்கொள்வோம். 360ஐ 12ஆல் வகுத்தால் 30. ஒரு துண்டின் இரண்டு முனைகளையும் தலா 15 டிகிரி சாய்வாக அறுக்க வேண்டும். மொத்தம் 24 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால்? 24 × ½ = 12 டிகிரி. கடைசித் துண்டு சேரும் இடத்தில் ஓட்டை பல்லிளிக்கும்! பத்தாம் வகுப்பில் வடிவியலைத் திட்டிய நண்பர்கள் கவனிக்க.

பசை காயும்வரை வளையத்தைச் சுற்றி ரப்பர் பட்டையோ உலோக வளையமோ போட்டு இறுக்குகிறார்கள். நம் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை செய்த அதே வேலை.

இந்தக் கிண்ணங்கள் ஏன் முன்பே பரவலாக வரவில்லை? பசைதான் முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது. பழைய தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சுவது. ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். சமையல்கட்டுக்கு ஆகாது. வேதிப் பசைகள் வந்தபிறகுதான் துணிச்சல் வந்தது. நம் ஊரில் ஃபெவிகால் வந்தது 1959இல்.

இந்த முறையிலும் குறை இல்லாமல் இல்லை. அடிப்பாகத்துக்கு அகலமான ஒற்றைப் பலகையை ஒட்டினால், பலகை குறுக்கே விரியும், வளையம் அவ்வளவு விரியாது. இரண்டும் இழுபறி செய்து ஒரு நாள் பிளக்கும். ஒட்டும்போதும் மரத்தின் குணம் தெரிந்துதான் ஒட்ட வேண்டும்.

அப்படியானால் வீணை?

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் இரண்டு வகை. முழுவதும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்குத்தான் மதிப்பும் விலையும் அதிகம். இது ஒட்டு மட்டம் என்பதற்குச் சான்று இல்லையா?

அங்கே கேள்வி நாதத்தைப் பற்றியது. அதிர்வு தடைபடாமல் ஓட வேண்டும் என்பது அதன் நியாயம். சக்கரத்தின் நியாயம் வேறு, அது பாரம் தாங்க வேண்டும். பேட்டர்ன் கோணாமல் இருக்க வேண்டும். எந்தப் பொருள் எதற்காக என்று பார்க்காமல், "ஒரே மரம்" என்றாலே உசத்தி என்று சொல்வது வெறும் பழக்கம்.

இந்தப் பழக்கத்துக்கு விலையும் உண்டு. பெரிய மரங்கள் அருகிவிட்டன. மரக்கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் தேக்கு, பலா, வேம்புத் துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் வந்ததால் கடைசல்காரர்களுக்கும், டயர் வண்டி வந்ததால் வட்டை அறுத்தவர்களுக்கும் வேலை குறைந்துவிட்டது. ஒருவருக்குக் கடையத் தெரியும், மற்றவருக்கு வட்டமாகச் சேர்க்கத் தெரியும். இந்த இரண்டு கைகளும் சேரும் இடம்தான் அந்த ஒட்டுக் கிண்ணம். அதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இரண்டு பாதியும் நம்மிடமே இருந்தவை, சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

உங்கள் ஊரில் வண்டிச் சக்கரம் செய்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த விடுமுறையில் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். வட்டைக்கு எந்த மரம், எந்தப் பக்கம் அறுப்பது, பட்டையை எவ்வளவு சிறிதாக அடிப்பது என்று கேளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கும்.