ரெண்டு சைடு

போன வருடம் எங்கள் டீமிலிருந்து ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமே மேனேஜரிடமிருந்து எனக்குச் செய்தி: வீட்டுக்கு இன்னொரு மானிட்டர் அனுப்பவா? சந்தோஷமாகத்தான் இருந்தது. போனவருடைய ப்ராஜெக்டையும் இனி நான்தான் பார்க்க வேண்டும் என்பது அதற்கடுத்த வரியில் இருந்தது.

என் மேசை இடைசெவலில் இருக்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள கரிசல் கிராமம். மூன்றடி மேசைதான். ஒரு மானிட்டர், ஒரு லேப்டாப், ஒரு செம்பு தண்ணீர், அவ்வளவுதான் கொள்ளும். இன்னொன்றை எங்கே வைப்பது என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

"எதுக்குய்யா ரெண்டு?"

"ஒரே நேரத்துல ரெண்டையும் பாக்கலாம்மா. வேலை லேசா முடியும்."

"எங்களுக்கும் இப்படித்தான் சொல்லி ரெண்டு சைடு குடுத்தாக."

அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு நூற்பாலையில் சைடராக இருந்தவள். நூற்கும் எந்திரத்தில் இரண்டு பக்கமும் கதிர்கள் வரிசையாகச் சுற்றும். ஒரு பக்கம்தான் ஒரு சைடு. நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரெண்டு சைடு என்றால் இரண்டு எந்திரங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. இன்றைக்கும் ராத்திரியில் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

அந்த வார்த்தை மண்டைக்குள் நின்றுவிட்டது. ரெண்டாவது திரைக்கு என்னதான் வரலாறு என்று தேட ஆரம்பித்தேன்.

கணினியில் அது நாம் நினைப்பதைவிடப் பழையது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இரண்டு திரை வைக்க முடிந்தது. எழுத்துக்கு ஒரு கார்டு, வண்ணப் படத்துக்கு ஒரு கார்டு. இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரியில் இருந்ததால் ஒன்றோடொன்று மோதாது. ப்ரோக்ராமர்கள் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு, மற்றதில் பிழை தேடினார்கள். 1987இல் மேகின்டாஷ் II, அப்புறம் விண்டோஸ் 98 என்று அது எல்லோருக்கும் வந்தது.

ஆனால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேவை கணினிக்கு ரொம்ப முந்தியது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டு ஒரு சுவடியில் ஒரு மாதிரி இருக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே குழப்பம். ஒப்பிடாமல் ஒரு வரியும் நகராது. ஆனால் கயிற்றில் கோத்த சுவடியைப் பிரித்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே ஒருவர் தம் பிரதியை வாசிப்பார், மற்றவர்கள் தங்கள் கையிலுள்ள ஏட்டைப் பார்த்தபடி எங்கே வேறுபடுகிறது என்று சொல்வார்கள், அது குறிக்கப்படும். இந்த ஊரில் பிறந்த கு.அழகிரிசாமியும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர்தான். பாடபேதம் பார்ப்பதன் பாடு அவருக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே நான் கவனித்தது ஒன்றுதான்: ஒரு ஏட்டுக்கு ஓர் ஆள். ஏடு கூடினால் ஆளும் கூட வேண்டும். பார்வை இரண்டு, மூன்று என்று பிரிந்தாலும் வேலை ஒன்றே.

ஆலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1920களின் பிற்பகுதியில் பம்பாய் நூற்பாலைகள் நெருக்கடியில் இருந்தன. சசூன் குழுமத்தின் ஆலைகள் 'திறன் முறை' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. ஒரு சைடு பார்த்தவர் இனி இரண்டு பார்க்க வேண்டும். இரண்டு தறி ஓட்டிய நெசவாளி மூன்று ஓட்ட வேண்டும். கூலி கொஞ்சம் கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. மிஞ்சிய ஆட்களுக்கு வேலை இல்லை. 1928 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஆறு மாதம் கூலியில்லாமல் இருந்தார்கள். கிர்ணி காம்கார் சங்கம் எழுந்தது அந்தப் போராட்டத்தில்தான். பிறகு ஃபாசெட் குழு விசாரித்தது. 1929இல் வந்த அதன் அறிக்கை, சில பாதுகாப்புகளோடு அந்த முறையைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. ரெண்டு சைடு நிலைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, யாரும் வேலைநிறுத்தம் செய்யாத ஓர் ஊரில், அது அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

அன்றைய முதலாளிகள் சொன்ன காரணம் முழுப் பொய்யும் இல்லை. நல்ல பஞ்சு, நல்ல எந்திரம் இருந்தால் இழை குறைவாக அறும், ஒருவரால் இரண்டு பார்க்க முடியும். அதே மாதிரி, ஒரு திரையில் கோடும் மறு திரையில் அதன் ரிசல்ட்டும் இருந்தால் எனக்கு நிஜமாகவே வேலை லேசாகும். மிச்சமாகும் அந்த நேரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. சாமிநாதையரின் அறையில் அது பாட்டுக்குப் போனது. ஆலையில் கணக்குப் புத்தகத்துக்குப் போனது.

நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்றே போதும், கவனம் சிதறும் என்கிறான் ஒருவன். இரண்டில்லாமல் இருந்ததை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்கிறாள் இன்னொருத்தி. யாருமே அந்த ரெண்டாவது திரையில் என்ன ஓடப்போகிறது என்று கேட்கவில்லை. அம்மா மட்டும்தான் கேட்டாள்.

"ரெண்டுலயும் உன் வேலைதானா? இல்ல, போனவன் வேலையுமா?"

அன்று இரவு மேனேஜருக்குப் பதில் எழுதினேன். மானிட்டர் அனுப்புங்கள், இப்போது பார்க்கும் வேலைக்கு உபயோகமாக இருக்கும். இரண்டாவது ப்ராஜெக்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆள் வரும்வரை நான் பார்க்க வேண்டுமென்றால் எத்தனை மாதம், அதற்கு என்ன சம்பளம் என்று எழுத்தில் தாருங்கள். நாலு வரிதான். அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. ஈஎம்ஐ இருக்கிறது, அடுத்த பட்டியலில் என் பெயரும் வரலாம். பம்பாய்க்காரர்களுக்குப் பக்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். என் மேசையில் நான் மட்டும்தான்.

பதில் இன்னும் வரவில்லை. மேசையின் வலது ஓரத்தில் செம்பை நகர்த்தி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.