மூன்று நாளில் ஒரு மாடி



ஹொங்கொங்கின் எல்லையை அடுத்திருந்த பாவோஆன் என்னும் சீன மாவட்டம், 1979 ஆம் ஆண்டிலே சென்சென் நகரமாயிற்று. அந்நாளில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். 1980 இல் அது விசேட பொருளாதார வலயமாக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலோ அத்தொகை 1 கோடியே 75 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்பெருமாற்றத்தின் கதையை ஒரு கட்டடமே நமக்குக் கூறவல்லது. அதுதான் குவோமாவோ எனப்படும் சர்வதேச வர்த்தக நிலையம்.

1982 இல் தொடங்கிய வேலை 1985 இல் நிறைவெய்தியது. 53 மாடிகளும் 160 மீற்றர் உயரமும் கொண்ட அம்மாளிகையே அன்று சீனப் பெருநிலத்தின் மிகவுயர்ந்த கட்டடம். மூன்று நாளுக்கு ஒரு மாடி எழுந்தமையால், 'சென்சென் வேகம்' என்னும் தொடர் சீனமெங்கும் பரவிற்று.

இவ்வேகத்தின் இரகசியம் யாது? வழக்கமாக, கொங்கிறீற்று வார்க்கும் அச்சுப்பலகைகளை ஒவ்வொரு மாடிக்கும் கழற்றி, மீண்டும் பூட்டுதல் வேண்டும். இங்கோ, அச்சைக் கழற்றாமலே உயர்த்திகளாற் சிறிது சிறிதாக மேலே நகர்த்தினர். காலம் முந்தி நகர்த்தின், இறுகாத சுவர் சரியும். பிந்தி நகர்த்தின், அச்சோடு ஒட்டிக் கிழியும். முதல் முயற்சிகள் தோல்வியே கண்டன. பிழையை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் முயன்ற பின்னரே வெற்றி கிட்டியது. உலகம் வேகத்தைப் புகழ்ந்தது. அதற்கு முன்சென்ற பொறுமையை நினைத்தவர் சிலரே.

1992 சனவரியில், 87 வயதான டெங் சியாவோபிங் இக்கட்டடத்தின் 49 ஆம் மாடியிலுள்ள சுழலும் உணவகத்திற்கு வந்தார். 1989 இன் துயர நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், பொருளாதாரச் சீர்திருத்தம் தொடருமா என்ற ஐயம் நிலவிய காலம் அது. சாளரத்தினூடே நகரைப் பார்த்த அம்முதியவர், சீர்திருத்தப் பாதையிலிருந்து விலகலாகாதென வற்புறுத்தினார். அவ்வாண்டு ஒக்டோபரிற் கூடிய கட்சி மாநாடு, சோசலிசச் சந்தைப் பொருளாதாரத்தை இலக்காக ஏற்றது.

2017 இல் முடிவுற்ற பிங் ஆன் கோபுரம் 599 மீற்றர் உயரமுடையது. அதனருகே குவோமாவோ இன்று சிறியதே. ஆயினும் வரலாறு உயரத்தை மட்டும் அளப்பதில்லை. தலைவரின் வருகை ஏடுகளிற் பதிந்துள்ளது. இரவும் பகலும் அச்சை நகர்த்திய தொழிலாளரின் பெயர்களை அறிவார் அரியர். அவர்தம் கைகளன்றோ அத்தலைவர் நின்று பேசிய தளத்தை அமைத்தவை? வேகத்தை வியக்கும்போது அவர்களையும் நினைத்தல் நம் கடனாகும்.