பாஸ்போர்ட் இல்லாமல் சீமைக்குப் போனவர்கள்

எம். புதுப்பட்டியில் இருந்து ஒரு மாணவர் லண்டனுக்குப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பம். அப்புறம் எம். புதுப்பட்டி போலீஸ் ஸ்டேஷனில் இருந்து விசாரணை. பிறகு பேங்க்கில் 28 நாள் பணம் குறையாமல் இருந்ததற்குச் சான்று, டிபி பரிசோதனை, கைரேகை, விசா... போய் இறங்கிய பிறகாவது விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. 2024 வரை, இறங்கிய 10 நாளுக்குள் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ஒரு அட்டை வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்த அட்டை ஈ-விசா என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

இதில் ஒன்றுகூட இல்லாத ஒரு காலம் இருந்தது. 1888-ல் காந்தி பாரிஸ்டருக்குப் படிக்க பம்பாயில் கப்பல் ஏறியபோது அவரைத் தடுத்தவர்கள் அவருடைய சாதிக்காரர்கள்தான். சர்க்கார் ஒரு காகிதமும் கேட்கவில்லை. இந்தியர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள், ராஜாவின் பிரஜை ராஜாவின் ஊருக்குப் போக எதற்கு அனுமதி என்பதுதான் அன்றைய சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காகிதம் இல்லாததால் அந்த மாணவர்கள் சுதந்திரமாக இருந்தார்களா?

1905-ல் வங்கப் பிரிவினை நடந்தது. அதே வருடம் லண்டனில் ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 'இந்தியா ஹவுஸ்' என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். சாப்பாட்டோடு அரசியலும் பரிமாறப்பட்ட விடுதி அது. 1907-ல் இந்தியா ஆபீஸ், இந்திய மாணவர்களின் நிலையை ஆராய லீ-வார்னர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டது. குழு மாணவர்களை விசாரித்தது, அறிக்கை எழுதியது. ஆனால் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. 1922-ல் லிட்டன் குழுவின் அறிக்கை வந்தபோதுதான் அதுவும் வெளியே வந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது, எழுதப்பட்ட மாணவனுக்குப் பதினைந்து வருடம் தெரியாது!

1909-ல் மாணவர்களுக்கு ஒரு தகவல் நிலையமும், டி. டபிள்யூ. ஆர்னால்டு என்ற கல்வி ஆலோசகரும் வந்தார்கள். அதே வருடம் ஜூலை 1 அன்று, லீ-வார்னர் குழுவில் இருந்த கர்சான் வில்லியை மதன்லால் திங்ரா என்ற இன்ஜினீயரிங் மாணவர் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு கண்காணிப்பு பல மடங்கு இறுகியது. இந்தியா ஹவுஸுக்குள்ளேயே பல் மருத்துவம் படிக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு உளவாளி தங்கியிருந்தார். 1910-ல் குரோம்வெல் ரோடு 21-ஆம் எண் வீடு இந்திய மாணவர்களுக்காகத் திறக்கப்பட்டது. புதிதாக வருபவர்கள் தங்க அறைகள், ஆலோசகரின் அலுவலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். உதவி உண்மையான உதவிதான். ஆனால் இது உளவு வீடு என்ற சந்தேகம் மாணவர்களிடம் கடைசிவரை போகவில்லை. போகாததில் என்ன ஆச்சரியம்?

அந்தக் காலத்து லண்டனில் இருந்த தமிழ் மாணவர்களில் முக்கியமானவர் வ. வே. சு. ஐயர். திருச்சி வரகனேரிக்காரர், ரங்கூனில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1907-ல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்தார். இந்தியா ஹவுஸில் தங்கினார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அடுத்து தன் முறை என்று ஐயருக்குத் தெரிந்துவிட்டது. பாரிஸுக்குத் தப்பி, அங்கிருந்து மாறுவேடத்தில் அந்த வருடக் கடைசியில் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். வழியில் ஒரு போலீஸ் அதிகாரி பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் காட்டிக் கேட்க, தாடியோடு இருந்த ஐயர் "வீர விக்ரம் சிங்" என்று சொல்லித் தப்பினார் என்ற கதையை அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட் அன்று கட்டாயமாக இருந்திருந்தால் அந்தக் கதைக்கு இடமே இல்லை.

இதற்கு அடுத்து நடந்ததுதான் விசித்திரம். மூன்று வருடம் சீமையில் இருந்தும் 'அந்நியர்' என்று எங்கும் பதிவு செய்ய வேண்டியில்லாத மனிதர், தமிழ் பேசும் ஊருக்கு வந்ததும் அந்நியர் ஆகிவிட்டார். பாண்டிச்சேரி பிரெஞ்சு மண். 1911-ல் அங்கே அந்நியர்களுக்கான புதிய சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்குள் வந்து குடியேறியவர்கள் பதிவு செய்ய வேண்டும், நன்னடத்தைக்கு ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டிஷாருக்குப் பயந்து அங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுதேசிகளை வெளியேற்ற இதைவிட நல்ல வழி கிடையாது. யார் கையெழுத்துப் போடுவார்கள்?

போட்டார்கள். கலவை சங்கர செட்டியார் தானும் ஒரு கௌரவ மாஜிஸ்திரேட். அரவிந்தர் பாண்டிச்சேரிக்கு வந்தபோது முதலில் தங்கியது அவர் வீட்டில்தான். அவரே அலைந்து ஐந்து கையெழுத்துக்களையும் வாங்கிக் கொடுத்தார். சுதேசிகள் பாண்டிச்சேரியிலேயே இருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாண்டிச்சேரி சட்டம் கடுமையானது. ஆனால் என்ன கேட்கிறது என்பது எழுதியிருந்தது, அதனால் ஒரு செட்டியார் ஓடியாடி அதை நிறைவேற்ற முடிந்தது. லண்டனில் நிபந்தனையே கிடையாது, அதனால் நிறைவேற்றவும் ஒன்றும் கிடையாது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒன்று கையில் கொடுத்த பில், இன்னொன்று கண்ணில் காட்டாமல் எழுதிய பேரேடு. பில்லில் தப்பு இருந்தால் சண்டை போடலாம்.

ஆனால் அந்த ஆலோசகர் ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1913-ல் ராமானுஜனின் கடிதத்தைப் பார்த்த ஹார்டி, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைக்க இந்தியா ஆபீஸைத்தான் அணுகினார். அங்கிருந்து தகவல் சென்னையில் இருந்த மாணவர் ஆலோசனைக் குழுவின் செயலாளர் ஆர்தர் டேவிஸுக்கு வந்தது. மாணவர்களை எடைபோட உண்டான அதே ஏற்பாடு! டேவிஸ் கூப்பிட்டுக் கேட்டபோது ராமானுஜன் வரவில்லை என்றுவிட்டார். பிறகு மனம் மாறி 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் கிளம்பினார். ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கியதும் நெவில் அவரைக் காரில் கூட்டிப்போன இடம் குரோம்வெல் ரோடு 21.

நாலு மாதத்தில் யுத்தம் வந்தது. ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜெர்மன்காரர்கள் போலீஸில் பதிவு செய்ய வரிசையில் நின்றார்கள். கும்பகோணத்துக்காரருக்கு அந்த வரிசை இல்லை, அவர் பிரிட்டிஷ் பிரஜை. (போலீஸ் பதிவு முறை பின்னாளில் சில நாட்டவர்களுக்கு மட்டும் என்று சுருங்கி 2022 ஆகஸ்டில்தான் ஒழிந்தது. கடைசிப் பட்டியலிலும் இந்தியா இல்லை.)

பாஸ்போர்ட் மட்டும் யுத்தத்தோடு வந்து தங்கிவிட்டது. இந்தியாவில் 1917-ல் பாஸ்போர்ட் விதிகள், 1920-ல் பாஸ்போர்ட் சட்டம். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டம் என்ற நிலை சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டே மாதத்தில் இப்போதுள்ள பாஸ்போர்ட் சட்டம் வந்தது. எந்தக் காரணத்துக்கு மறுக்கலாம், மறுத்தால் எங்கே அப்பீல் என்பது அதில் எழுதியிருக்கிறது. மதுரையில் நிராகரிக்கப்படும் ஒரு புதுப்பட்டி மாணவர் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

ராமானுஜன் போனபோது பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. 1919-ல் நோயோடு திரும்பியபோது பாஸ்போர்ட் இருந்தது. 1930-களில் ஹார்டிக்கு ராமானுஜனின் நல்ல போட்டோ ஒன்று தேவைப்பட்டது. வானியலாளர் சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் ஜானகி அம்மாளைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தது கணவரின் பாஸ்போர்ட்டை. அதில் ஒட்டியிருந்த படத்தில் இருந்து எடுத்த பிரதிதான் கணக்குப் புத்தகங்களில் நாம் பார்க்கும் ராமானுஜன் முகம்.